ஹோல்டிங் கம்பெனிப் பங்கு: தள்ளுபடியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

போன மாதம் அக்கா மகன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். கூடவே ஒரு வரி: "மாமா, 100 ரூபாய் சொத்து 40 ரூபாய்க்குக் கிடைக்குது, வாங்கட்டுமா?" இந்த வருடம் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் அவன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதே கணக்கை ஒரு நோட்டில் எழுதி, சந்தோஷமாக அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்.

சொந்தமாக எதையும் தயாரிக்காமல், மற்ற கம்பெனிகளின் பங்குகளை வைத்திருப்பதையே முக்கிய வேலையாகக் கொண்ட, பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகளைப் பற்றித்தான் பேசுகிறேன். மும்பை, புனே பக்கம் டாடா இன்வெஸ்ட்மென்ட், பஜாஜ் ஹோல்டிங்ஸ். சென்னையில் சோழமண்டலம் ஃபைனான்ஷியல் ஹோல்டிங்ஸ், சுந்தரம் ஃபைனான்ஸ் ஹோல்டிங்ஸ், டிவிஎஸ் ஹோல்டிங்ஸ். கடன் வாங்கி முதலீடு செய்யாதே, டிப்ஸை நம்பாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு, இந்தப் பங்குகளில் புதியவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தள்ளுபடி தானாகக் குறையும் என்று நம்புவது

நான் வாங்கியது ஒரு பழைய குழுமத்தின் ஹோல்டிங் கம்பெனி. அதனிடம் இருந்த பங்குகளின் சந்தை மதிப்பைக் கூட்டி, கடனைக் கழித்து, மொத்தப் பங்கு எண்ணிக்கையால் வகுத்தேன். 100 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கின் விலை 50. பாதிக்குப் பாதி தள்ளுபடி. இது எப்படியும் 30 சதவீதத்துக்காவது இறங்கும் என்று முடிவு கட்டினேன். எதனால் இறங்கும் என்று என்னை நானே கேட்கவில்லை.

அடியில் இருந்த கம்பெனி, அதாவது ஹோல்டிங் கம்பெனி யாருடைய பங்குகளை வைத்திருந்ததோ அது, நன்றாகவே ஓடியது. மூன்று வருடத்தில் 100 ரூபாய் 130 ஆனது. ஆனால் தள்ளுபடி 50 சதவீதத்திலிருந்து 65க்குப் போயிருந்தது. 130இல் 35 சதவீதம் என்றால் 45 ரூபாய் 50 காசு. கம்பெனியைப் பற்றிய என் கணிப்பு சரி, ஆனாலும் கையில் நஷ்டம். அந்த அடிக் கம்பெனியின் பங்கையே நேராக வாங்கியிருந்தால் 30 சதவீத லாபம். நடுவில் விலை இறங்கியபோது "இன்னும் மலிவு" என்று மறுபடியும் வாங்கினேன். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருவது அந்த இரண்டாவது கொள்முதலால்தான்.

அந்த 100 ரூபாய் சொத்துக்குச் சாவி நம்மிடம் இல்லை. பெரும்பாலான ஹோல்டிங் கம்பெனிகள் குழுமத்தின் மீது குடும்பத்துக்கு இருக்கும் பிடியைக் காப்பாற்றவே இருக்கின்றன. அந்தப் பங்குகளை விற்றால் பிடி போய்விடும், அதனால் விற்க மாட்டார்கள். விற்றாலும் லாபத்துக்குக் கம்பெனி வரி கட்ட வேண்டும். நீண்டகால லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம், அதன்மேல் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி. மியூச்சுவல் ஃபண்ட் தனக்குள்ளே பங்கை விற்றால் இந்த வரி கிடையாது. ஆக, விற்கப்போகாத, விற்றாலும் வரி போய் மிஞ்சுவதே வரக்கூடிய சொத்துக்குச் சந்தை முழு விலை கொடுக்காமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

தள்ளுபடி மறைந்த இடங்களைப் பாருங்கள். சென்னையின் ஈக்விடாஸ் ஹோல்டிங்ஸ் 2023இல் தன் வங்கியோடு இணைந்தது. 100 ஹோல்டிங்ஸ் பங்குக்கு 231 வங்கிப் பங்கு கொடுத்தார்கள். ஐடிஎஃப்சி 2024 அக்டோபரில் ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கியோடு இணைந்தது. 100க்கு 155. இந்த இரண்டிலும் மேலே ஒரு ஹோல்டிங் கம்பெனி இருந்ததே ரிசர்வ் வங்கியின் லைசென்ஸ் விதிகளால்தான். ஐந்து வருடக் கெடு முடிந்ததும் அந்த அடுக்கைக் கலைக்க வழி திறந்தது. காரணம் தெரிந்தது, ஏறக்குறைய எப்போது என்றும் தெரிந்தது.

எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கதையைப் பலரும் தப்பாகவே சொல்கிறார்கள். ஏஷியன் பெயின்ட்ஸ் பங்குகளை வைத்திருக்கும் இந்தக் கம்பெனியின் விலை பல வருடமாக 3 ரூபாய்ச் சொச்சத்தில் கிடந்தது. அந்த விலைக்கு விற்க யாரும் தயாரில்லை. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024இல் இத்தகைய கம்பெனிகளுக்கு விலை வரம்பு இல்லாத சிறப்பு ஏலம் கொண்டுவந்தது. அந்த அக்டோபர் 29 அன்று 3 ரூபாய் 53 காசில் இருந்த பங்கு 2,36,250 ரூபாயில் முடிந்தது. இதைக் காட்டித்தான் புதியவர்கள் ஹோல்டிங் கம்பெனி தேட ஆரம்பிக்கிறார்கள். அன்று அதன் புக் வேல்யூ, அதாவது கணக்குப்படி சொத்தில் கடனைக் கழித்தால் மிஞ்சும் மதிப்பு, பங்குக்கு 5 லட்சத்துக்கு மேல். விலைக்கு எந்தக் கட்டும் இல்லாத நாளிலும் சந்தை அதில் பாதிகூடக் கொடுக்கவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

சரி, அப்புறம் என்ன செய்வது? இன்றைய தள்ளுபடியை அதே கம்பெனியின் பத்து வருடத் தள்ளுபடியோடு வைத்துப் பாருங்கள். எப்போதும் 55க்கும் 65க்கும் நடுவில் இருப்பது இன்று 60 என்றால் அது மலிவு இல்லை, அதுதான் அதன் விலை. பிறகு இந்த இடைவெளியை யார், எதற்காக, எப்போது மூடுவார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால், தள்ளுபடி இப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அடியில் உள்ள கம்பெனிக்காக மட்டும் இதை வாங்குவீர்களா என்று யோசியுங்கள்.

புக் வேல்யூவை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுவது

டாடா இன்வெஸ்ட்மென்ட் வைத்திருக்கும் பங்குகளில் பெரும்பகுதி சந்தை விலையிலேயே கணக்கில் ஏறுகிறது. பஜாஜ் ஹோல்டிங்ஸ் அப்படி இல்லை. அதற்குப் பஜாஜ் ஆட்டோவும் பஜாஜ் ஃபின்சர்வும் அசோசியேட் கம்பெனிகள், அதாவது கணிசமான பங்கு இருந்தாலும் முழுக் கட்டுப்பாடு இல்லாதவை. அவற்றின் நிகர மதிப்பில் தன் பங்குதான் கன்சாலிடேட்டட் கணக்கில் (குழுமத்தைச் சேர்த்துப் போடும் கணக்கு) வரும், சந்தை விலை வராது. அதனால் உண்மையில் பெரிய தள்ளுபடியில் இருக்கும்போதும் புக் வேல்யூவைவிட அதிக விலையில் இருப்பதாகத் தெரியும். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு "இது விலை அதிகம், அது மலிவு" என்று பங்குகளை வடிகட்டிக் காட்டும் ஸ்கிரீனர் தளம் காட்டினால் அதை நம்பாதீர்கள். ஆண்டறிக்கையில் முதலீடுகளின் பட்டியலைத் திறந்து, பங்கு எண்ணிக்கையை எடுத்து, இன்றைய விலையால் நீங்களே பெருக்குங்கள். அரை மணி நேர வேலை.

கன்சாலிடேட்டட் லாபத்தை முழுசாக எடுத்துக்கொள்வது

சோழமண்டலம் ஃபைனான்ஷியல் ஹோல்டிங்ஸிடம் சோழமண்டலம் இன்வெஸ்ட்மென்ட்டில் பாதிக்கும் குறைவான பங்குதான் இருக்கிறது. ஆனாலும் துணை நிறுவனம் என்பதால் முழு லாபமும் கணக்கில் மேலே வந்து நிற்கும். நமக்குச் சேருவது கீழே "உரிமையாளர்களுக்கு உரியது" என்று தனியாக எழுதியிருக்கும் தொகை. மேலே உள்ள எண்ணை வைத்து பிஇ (விலை லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு) போட்டால் எல்லாம் அடிமாட்டு விலையாகத் தெரியும்.

அடுக்குகளை மறப்பது

பஜாஜ் ஹோல்டிங்ஸுக்குக் கீழே ஃபின்சர்வ், அதற்குக் கீழே பஜாஜ் ஃபைனான்ஸ். நடுவில் உள்ளதும் பட்டியலான கம்பெனி என்பதால் ஃபின்சர்வின் சந்தை விலையிலேயே ஒரு தள்ளுபடி ஒளிந்திருக்கலாம். ஒவ்வொரு படியிலும் தனித்தனியாகப் பாருங்கள்.

கம்பெனி மாறாது என்று நினைப்பது

டிவிஎஸ் ஹோல்டிங்ஸை டிவிஎஸ் மோட்டாருக்கு இன்னொரு பெயர் என்று நினைத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அது பிறகு கடன் கொடுக்கும் ஹோம் கிரெடிட் இந்தியாவில் 80 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. அது நல்ல முடிவா என்பது வேறு கேள்வி. வாங்கும்போது நினைத்த கம்பெனிதான் இப்போதும் கையில் இருக்கிறதா என்று வருடம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

டிவிடெண்ட் கொட்டும் என்று எதிர்பார்ப்பது

கீழே உள்ள கம்பெனிகளிடமிருந்து வரும் டிவிடெண்டில் எவ்வளவை நமக்குத் தருகிறார்கள் என்று கடந்த ஐந்து வருடக் கணக்கைப் பாருங்கள்.

மார்க்கெட் ஆர்டர்

கிடைக்கிற விலைக்கு வாங்கு என்று சொல்லும் இந்த ஆர்டரைப் போடாதீர்கள். இவற்றில் பல பங்குகளில் ஒரு நாளைக்கு நடக்கும் வியாபாரமே கொஞ்சம். இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று நீங்களே வரம்பு போடும் லிமிட் ஆர்டர் மட்டும்.