டி-டைமர்: 'இல்லை' என்று சொல்ல மட்டும் தெரிந்த பரிசோதனை

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் நியாயமானது. அதற்காக நேரே ஆய்வகத்துக்குப் போய் டி-டைமர் பார்த்துக்கொள்வதுதான் முதல் தவறு.

ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்னும் புரதம் வலை பின்னுகிறது. உடல் அந்த வலையை அறுத்துக் கரைக்கும்போது ரத்தத்தில் சேரும் துணுக்குதான் டி-டைமர். வலை எந்த இடத்தில் அறுபட்டது என்று அதற்குத் தெரியாது. கர்ப்பம், அறுவை சிகிச்சை, புற்றுநோய், நிமோனியா, முதுமை என எதிலும் அளவு ஏறும். ஆகவே அளவு கூடியிருப்பது காலில் ரத்தக்கட்டி இருப்பதற்குச் சாட்சி ஆகாது. குறைவாக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

அந்த மதிப்பும் எல்லோருக்கும் பொருந்தாது. மருத்துவர் முதலில் காலைப் பார்க்க வேண்டும். கனடா மருத்துவர் பிலிப் வெல்ஸின் குழு 1990-களில் உருவாக்கிய மதிப்பெண் முறை இதற்கு உதவுகிறது. புற்றுநோய் இருக்கிறதா, சமீபத்தில் படுக்கையில் கிடந்தாரா, காலில் மாவுக்கட்டு போட்டிருந்தாரா, ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்திருக்கிறதா என்று கேட்டு எண்ணுவார்கள். இதற்கு ஓர் அளவுநாடா போதும். ஆனால் அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ரத்தக்கட்டி இருக்கும் வாய்ப்பு குறைவு என்று தெரிந்தவருக்கு டி-டைமரும் குறைவாக இருந்தால் ஸ்கேன் தேவைப்படாது. வாய்ப்பு அதிகம் என்றால், டி-டைமர் குறைவு என்பதை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சிரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியோ மாத்திரையோ தொடங்கிய பிறகு ரத்தம் எடுப்பதும் தவறு. மருந்தே அளவைக் குறைத்துப் பொய்யான நிம்மதி தரும். வீக்கம் தொடங்கிப் பல வாரம் கழித்துப் பார்த்தாலும் இதே ஆபத்து உண்டு.

அலகைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் படிப்பது இன்னொரு பிழை. டி-டைமரை ஆய்வகங்கள் எஃப்.இ.யு. (FEU), டி.டி.யு. (DDU) என்ற இரண்டு அலகுகளில் தருகின்றன. எஃப்.இ.யு. அலகில் மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம் என்பது வழக்கமான எல்லை, டி.டி.யு. அலகில் அதுவே ஏறக்குறைய 250. இரண்டு ஆய்வகங்களின் தாள்களை அருகருகே வைத்து 'பாதியாகக் குறைந்துவிட்டது' என்று மகிழ்வதில் பொருளில்லை. வயதும் கணக்கில் வரும். 50 வயதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி எல்லை வகுப்பதுண்டு. எஃப்.இ.யு. அலகில் 72 வயதுக்காரருக்கு 720 வரை பயமில்லை.

டி-டைமர் கூடியிருந்து, தொடைப் பகுதி ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அத்துடன் கோப்பை மூடிவிடக் கூடாது. கெண்டைக்காலில் இருக்கும் சிறு கட்டி மேலே வளரக்கூடும் என்பதால், ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். வலி குறைந்துவிட்டது என்று அந்தத் தேதியைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். இடையில் மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், அந்தத் தேதி வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.