விளக்குமீனை இனங்காண்பதும் அதன் பரவலைப் பதிவு செய்வதும்

அரபிக்கடல், ஓமான் வளைகுடா, வங்கக்கடல் முதலிய கடல்களில் கண்டச் சரிவை (கரையோர ஆழமற்ற கடற்பகுதி முடிந்து கடலடி ஆழத்தை நோக்கி இறங்கும் சரிவை) ஒட்டி வாழும் பெந்தோசெமா டெரோடம், பெரும்பாலும் ஐந்து சென்டிமீட்டரை எட்டாத சிறிய விளக்குமீன் ஆகும். 1890இல் பிரித்தானிய இயற்கையியலாளர் ஆல்காக் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். 1975, 1976ஆம் ஆண்டுகளில் நார்வே நாட்டின் டாக்டர் ஃபிரிட்ஜோஃப் நான்சன் கப்பல் அரபிக்கடலில் நடத்திய ஒலியலை ஆய்வுகள், மேற்பரப்புக்கும் கடலடிக்கும் இடைப்பட்ட நீரில் வாழும் இத்தகைய இடைநீர் மீன்கள் அங்கே எத்துணை பெருந்திரளாக வாழ்கின்றன என்பதைப் புலப்படுத்தின.

வலையில் உரசிச் செதில்களும், ஒளி உமிழும் சிறு ஒளியுறுப்புகளும் விரைவில் உதிர்ந்துவிடுவதால், மீன் மேலே வந்தவுடன் அதன் இரு பக்கங்களையும் அளவுகோலுடன் படமெடுத்துக்கொள்ள வேண்டும். விளக்குமீன் குடும்பத்தில் சுமார் 250 இனங்கள் உள்ளன. நிறமும் உடல்வடிவும் பல இனங்களில் ஒத்திருப்பதால் அவற்றை மட்டும் நம்பக்கூடாது. வயிற்றுப்புறத்திலும் குதத் துடுப்புக்கு மேலும் உள்ள ஒளியுறுப்புகளின் எண்ணிக்கையையும் அமைவையும் உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாகக் குறித்து, துடுப்புக்கதிர்களின் எண்ணிக்கையோடு சேர்த்து இனங்காண் திறவுகோலுடன் (பண்புகளைப் படிப்படியாக ஒப்பிட்டு இனத்தை அறிய உதவும் பட்டியலுடன்) ஒப்பிடுவதே சரியான வழி. முதிர்ந்த மீனாயின் வால்காம்பையும் (வால்துடுப்புக்கு முன்னுள்ள ஒடுங்கிய பகுதியையும்) பாருங்கள்: இந்தப் பேரினத்தில் ஆணுக்கு ஒளிச்சுரப்பி மேற்புறமும் பெண்ணுக்குக் கீழ்ப்புறமும் அமைந்திருக்கும்.

மீனைக் கெடாமல் பாதுகாக்க ஃபார்மலின் கரைசலில் இடுவதற்கு முன்பே மரபணு ஆய்வுக்கான தசைத்துண்டை வெட்டி எத்தனாலில் வைத்துவிட வேண்டும். உட்செவியில் உள்ள சுண்ணாம்புக் கற்களான செவிக்கற்களையும் அப்போதே எடுத்துவிடுங்கள், ஏனெனில் அமிலத்தன்மை கொண்ட ஃபார்மலின் அவற்றைக் கரைத்துவிடும். ஓராண்டுகூட வாழாத இம்மீனின் வயதை அறிய, செவிக்கல்லில் நாள்தோறும் படியும் வளையங்களே உதவுகின்றன.

மிகுந்த கவனம் தேவைப்படுவது ஆழத்தைப் பதிவு செய்யும்போதுதான். பகலில், அரபிக்கடலின் உயிர்வளி குறைந்த அடுக்கிலும்கூட, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் தங்கும் இம்மீன், இரவில் துடுப்புக்கால் ஓட்டுமீன்கள் முதலிய விலங்கு மிதவையுயிரிகளை உண்ண மேல்நீருக்கு ஏறி வருகிறது. ஆகவே உள்ளூர் நேரம் குறிக்கப்படாத ஆழ அளவு பயனற்றது என்றே நான் கருதுவேன். வாய் மூடாத வலையாக இருந்தால், மேலே இழுக்கும் வழியில் எந்த ஆழத்திலும் மீன் சிக்கியிருக்கலாம். அத்தகைய பதிவில் வலை எட்டிய அதிகபட்ச ஆழத்தை "பிடிபட்ட ஆழம்" என்று எழுதாமல், "0 முதல் 300 மீட்டர் வரை" என்பதுபோல வலை கடந்த முழு வீச்சையும் எழுத வேண்டும். ஆழ அடுக்குகளைத் துல்லியமாகப் பிரித்தறிய, குறித்த ஆழத்தில் திறந்து மூடும் வலைகளே ஏற்றவை.

பரவல் வரைபடம் வரையும்போது மீன் கிடைத்த இடங்களோடு, வலையிட்டும் கிடைக்காத இடங்களை வேறு குறியால் காட்டுங்கள். வலையே இடாத பகுதியை வெற்றிடமாக விட்டுவிடுங்கள். பெரிய கண்ணியுள்ள இழுவலையில் இம்மீன் எளிதில் நழுவிவிடும் என்பதால், ஒவ்வொரு பதிவிலும் கண்ணி அளவும் இடம்பெற வேண்டும்.