எக்ஸ்ட்ராக்டர் மாட்டியபின் ஸ்டியரிங் இடிக்கிறதா? செய்யக்கூடாத தவறுகள்

பல மாடிக் கார் நிறுத்தத்தின் சுழல் சரிவில் ஏறுகிறீர்கள். ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியிருக்கிறது. காலடியில் ‘டக்’கென்று ஒரு சத்தம், கையில் லேசான பிடிப்பு. நேர்ச்சாலைக்கு வந்ததும் இரண்டும் காணாமல் போய்விடும். புதிதாக எக்ஸ்ட்ராக்டர், அதாவது எஞ்சின் புகையை வெளியேற்றும் மாற்றுக் குழாய்த் தொகுதி, மாட்டிய வண்டியில் இப்படி வந்தால், அதன் குழாய் ஸ்டியரிங் ஷாஃப்டில் (ஸ்டியரிங் வீலின் திருப்பத்தைக் கீழே கொண்டுபோகும் தண்டில்) இடிக்கிறது என்று வைத்துக்கொண்டே சோதனையைத் தொடங்குங்கள். ஓடி ஓடித் தானாகச் சரியாகிவிடும் கோளாறு அல்ல இது. குழாய் தேய்ந்து ஓட்டை விழுவதுகூடப் பரவாயில்லை. திருப்பத்தின் நடுவே ஸ்டியரிங் இறுகிக்கொண்டால் ஆபத்து.

முதல் தவறு வாங்கும்போதே நடந்துவிடுகிறது. எஞ்சின் பெயர் பொருந்தினால் போதும் என்று நினைத்து, எந்தப் பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டிக்குச் செய்தது என்று பார்க்காமல் விடுகிறோம். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல அமெரிக்க வண்டிகளுக்கானவை. அங்கே ஷாஃப்ட் இடப்பக்கம், சிங்கப்பூரில் வலப்பக்கம். சுபாருவின் இஜே டர்போ எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். டர்போ இருப்பது காரின் வலப்பக்கம். அமெரிக்கருக்கு அது பயணி பக்கம், இடம் தாராளம். நமக்கோ அது ஓட்டுநர் பக்கம். டர்போவுக்கு ஏறும் குழாயும் ஷாஃப்டும் அதே இடத்துக்குப் போட்டி போடும். விற்பவரிடம் ‘வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்குப் பொருந்துமா’ என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிற்கும் வண்டியில் அளந்துவிட்டு ‘இடம் இருக்கிறது’ என்பது

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். எஞ்சின் அணைந்திருக்கிறது, குழாய் குளிர்ந்திருக்கிறது, சக்கரம் நேராக நிற்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் விரல் நுழைகிறது, வேலை முடிந்தது என்று பானட்டை மூடிவிடுவார்கள். ஆனால் ஓடும்போது மூன்று விஷயங்கள் மாறுகின்றன.

ஒன்று, ஷாஃப்ட் உருண்டையானது, அதைக் கோணத்தில் இணைக்கும் யூ ஜாயின்ட் உருண்டையானது அல்ல. ஜாயின்டின் காதுகளும் அதைப் பிடிக்கும் போல்ட்டின் தலையும் சுழலும்போது ஷாஃப்டைவிடப் பெரிய வட்டம் போடும். ஆகவே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, கால் சுற்றுக் கால் சுற்றாக நிறுத்தி, ஒவ்வொரு நிலையிலும் இடைவெளியைப் பாருங்கள்.

இரண்டு, எஞ்சின் அசையும். நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும் எஞ்சின், வழக்கமான திசையில் சுழல்வதானால், முன்னே போக ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது வலப்பக்கம் தாழும், இடப்பக்கம் எழும். ரிவர்ஸில் அப்படியே தலைகீழ். குறுக்குவாக்கில் உள்ள முன்சக்கர வண்டியில் எஞ்சினின் மேற்பகுதி பின்னால் சாயும். குழாய் எஞ்சினுக்குப் பின்புறம் இருந்தால் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராக் பக்கத்தையும் கவனிக்க வேண்டும். முன்னே போகும் டி கியரில் மட்டும் பார்த்துவிட்டு ரிவர்ஸைச் சோதிக்காமல் விடுவது பாதிச் சோதனைதான்.

மூன்று, சூட்டில் குழாய் நீளும். 60 செ.மீ. நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் குழாய் 30 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்குப் போனால் சுமார் 6 மி.மீ. கூடும். குளிர்ந்த குழாயில் நீங்கள் பார்த்த 5 மி.மீ. இடைவெளி அங்கேயே முடிந்துபோகும்.

சோதிக்கும் வழி எளிது. குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணை, குழாய் நெருங்கும் இடத்தில் ஷாஃப்டைச் சுற்றி, இடைவெளியை நிரப்பும் தடிமனில் வளையமாக ஒட்டுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், கைப்பிரேக்கைப் போடுங்கள், கால்பிரேக்கை அழுத்தி மிதியுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து டியிலும் ரிவர்ஸிலும் இரண்டு மூன்று விநாடி மட்டும் லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் எவ்வளவு சாய்கிறது என்பதைப் பக்கவாட்டில் கைப்பேசியை வைத்துப் படமெடுக்கலாம். அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்புங்கள். பிறகு களிமண்ணில் அதிகம் அமுங்கிய இடத்தைக் கத்தியால் வெட்டி, மிஞ்சிய தடிமனை அளந்து பாருங்கள். எஞ்சின் அசையும்போது மிஞ்சும் உண்மையான இடைவெளி அதுதான்; சூட்டில் குழாய் நீள்வதற்கும் அதிலிருந்தே இடம் வேண்டும். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே 12 மி.மீ. மிஞ்சவில்லையென்றால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். 20 இருந்தால் நிம்மதி. ரப்பர் அல்லது துணி கலந்த இணைப்புள்ள பழைய வண்டிக்கு 25 மி.மீ.க்கு மேல் வேண்டும், கூடவே வெப்பத் தடுப்பும் வேண்டும். சோதனை முடிந்ததும் களிமண்ணைத் துளி விடாமல் துடைத்துவிடுங்கள்.

மவுண்டிங்கைப் பார்க்காமல் குழாயைக் குறை சொல்வது

பத்து வருடம் ஓடிய வண்டியில் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் அமுங்கிப்போயிருக்கும். எஞ்சின் சில மி.மீ. கீழிறங்கிச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். பழைய குழாய்க்கு அது தெரியாது, புதிய குழாய்க்குத் தெரியும். ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, எண்ணெய் நிரப்பிய மவுண்டிங் என்றால் கறுப்பாக ஒழுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல நேரம் மவுண்டிங் மாற்றியதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். அதன் பிறகும் போதாவிட்டால், மவுண்டிங்குக்கு அடியில் 3 முதல் 5 மி.மீ. தகடு கொடுத்துத் தூக்கலாம். அதற்கு மேல் போனால் டிரைவ் ஷாஃப்ட் கோணம், ஃபேன் கூடு, பானட் எல்லாம் அடுத்தடுத்து மக்கர் செய்யும்.

குழாயைத் தவறான வரிசையில் முறுக்குவதும் இதே வகைதான். பின்குழாயை முதலில் இறுக்கிவிட்டு, குழாய் எஞ்சினோடு சேரும் ஹெட் பக்கம் வந்தால், பின்பக்கத்தின் இழுவையில் குழாய்கள் ஒன்றுசேரும் முனை ஷாஃப்ட் பக்கம் சாய்ந்துவிடும். எல்லா நட்டையும் கையால் மட்டும் ஏற்றி, ஹெட் பக்கம் நடுவிலிருந்து வெளிப்புறமாக முறுக்கி, பிறகுதான் பின்குழாய்க்குப் போக வேண்டும்.

சுத்தியலும் கிரைண்டரும்

வண்டியிலேயே வைத்துச் சுத்தியலால் குழாயைத் தட்டுவது மோசமான பழக்கம். அடி நேராக, குழாயை ஹெட்டில் பிடிக்கும் ஸ்டட்டுக்குப் போகும். கழற்றிக் கட்டையில் வைத்து, 40, 50 மி.மீ. நீளத்துக்கு மெதுவான பள்ளமாக 5 மி.மீ. ஆழம்வரை அமுக்கலாம்; அதனால் எஞ்சின் சக்தி குறைந்ததாக உங்களுக்குத் தெரியாது. வெல்டிங் தையலை ஒட்டிய இடத்தில் அமுக்காதீர்கள், அங்கேதான் பிறகு வெடிக்கும். செராமிக் பூச்சு உள்ள குழாயில் பூச்சு உதிர்ந்துவிடும். இன்னும் இடம் வேண்டுமென்றால் குழாயை வெட்டி வளைவை மாற்றி, உள்ளே ஆர்கான் விட்டு டிக் வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஆனால் ஷாஃப்டைத் தேய்க்காதீர்கள். யூ ஜாயின்டின் காதைக் கிரைண்டரில் மழிப்பது, போல்ட் தலையைக் குறைப்பது, ஷாஃப்டைச் சூடாக்கி வளைப்பது, வெட்டி ஒட்டுவது எதுவும் கூடாது. எவ்வளவு அவசரமானாலும் கூடாது. குழாய் விட்டுப்போனால் சத்தம் வரும். ஷாஃப்ட் விட்டுப்போனால் வண்டி உங்கள் கையில் இல்லை. அந்த ஷாஃப்ட் மோதலில் மடங்கிக்கொடுத்து மார்பைக் காப்பாற்றவும் வடிவமைக்கப்பட்டது.

வேலைக்காக ஷாஃப்டைக் கழற்ற நேர்ந்தால், முதலில் சக்கரத்தை நேராக்கி, பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, ஸ்டியரிங் வீலை சீட் பெல்ட்டால் கட்டிவையுங்கள். வீல் தன்னிஷ்டத்துக்குச் சுற்றினால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் நாடா அறுந்துவிடும். ஷாஃப்டிலும் ஜாயின்டிலும் ஒரே கோடாகப் பெயிண்ட் அடையாளம் போடுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால் வீல் கோணலாக நிற்கும். இரண்டு ஜாயின்ட்களுக்கு இடையேயான வரிசை மாறினால் ஸ்டியரிங் ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் இலேசாகவும் ஓடும். பிடிக்கும் போல்ட்டைப் புதிதாகப் போட்டு, அந்த வண்டியின் கையேட்டு அளவில் முறுக்குங்கள்.

இடம் கிடைத்ததும் வெப்பத் துணி சுற்றுவது அடுத்த சறுக்கல். 1.6 மி.மீ. துணியைப் பாதிப் பாதி மேலேற்றிச் சுற்றினால் ஒரு பக்கத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் தடிக்கும். பாடுபட்டு எடுத்த இடம் போச்சு. நம் ஊர் மழையில் துணி ஈரம் பிடித்து, சாதா இரும்புக் குழாயை உள்ளேயே துருவாக்கும். இடமிருந்தால் ஷாஃப்டுக்கும் குழாய்க்கும் நடுவே, இரண்டையும் தொடாமல், மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றைப் பொருத்துவது நல்லது. ஜொகூர் பாலத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் காற்றோட்டமில்லாமல் சூடு தேங்கும். அப்போது அந்தத் தகட்டின் அருமை தெரியும்.

எக்ஸாஸ்ட் மாற்றத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதை வேலைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிடும் எக்ஸ்ட்ராக்டரை வாங்கவே வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் ஷாஃப்டில் குழாய் நெருங்கும் இடத்தைச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட் பூசுங்கள். குழாயை ஹெட்டில் பிடிக்கும் நட்டுகளைச் சூடாறியபின் மறுபடி முறுக்குங்கள். 500 கி.மீ. ஓடியதும் பானட்டைத் திறந்து அந்த வெள்ளையைப் பாருங்கள். ஒரு கீறல் விழுந்திருந்தாலும் குழாயைக் கழற்ற வேண்டியதுதான்.