லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியோடு வயலுக்குப் போகிறீர்களா?

சம்பா அறுவடை முடிந்து தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கம் வயல் காய்ந்துவிட்டால், ஆர்சி விமானம் (ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானம்) விட அதைவிட நல்ல இடம் ஏது? ஆனால் விமானம் விழுந்தால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. இறக்கை போச்சா என்பதெல்லாம் அப்புறம். அடிபட்ட லிப்போ உடனே புகையாமல் அரைமணி கழித்தும் பற்றிக்கொள்ளலாம். அறுத்த தாள் இல்லாத வெறும் மண்ணில் தள்ளி வையுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

ஒயரில் சாலிடர் வைத்த இடத்தில் ஹீட் ஷ்ரிங்க் டியூப்தான் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) சரி. இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலில் பசை இளகி நழுவும். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் உரசினால் தீப்பொறிதான்.

வீட்டில் பேட்டரியை அதன் ஒவ்வொரு செல்லுக்கும் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். 4.2 வோல்ட் முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் சீக்கிரம் கெடும். வெயிலில் நிற்கும் பைக் டிக்கியில் வேண்டவே வேண்டாம்.