நாடகம் படிக்க வந்தாச்சு, குரல் வகுப்பும் உடல் வகுப்பும் எப்படி ஆரம்பிப்பது?

கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கம் நாடகம் கற்றுக்கொள்ளச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்பது, வசனம் எப்போது தருவீர்கள் என்றுதான். உடனே தர மாட்டார்கள். நல்ல ஆசிரியராக இருந்தால் முதல் இரண்டு மூன்று மாதம் மூச்சு, நடை, நிற்பது, படுப்பது என்றுதான் போகும். சலிப்பாக இருக்கும், சரி, ஆனால் இந்த மாதங்களை அவசரப்படுத்தாதீர்கள். குரல் வகுப்பு ஒரு நாள், உடல் வகுப்பு இன்னொரு நாள் என்று அட்டவணையில் பிரித்துப் போட்டிருப்பார்கள், அது வசதிக்காகப் பிரித்தது. உங்களுக்குள் இரண்டுக்கும் மூச்சு ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

இதற்கு நாடக உலகத்தில் ஒரு பழைய சாட்சி உண்டு. 1869இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த அலெக்சாண்டர் மேடையில் கவிதை, வசனம் சொல்லும் நடிகர். அவருக்கு நிகழ்ச்சி நடுவே குரல் கம்மிப்போக ஆரம்பித்தது. மருந்தும் ஓய்வும் கொஞ்ச நாள்தான் கைகொடுத்தன. கண்ணாடி முன் நின்று தன்னையே கவனித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. வாய் திறக்கும்போதெல்லாம் தலையைப் பின்னால் இழுத்து, கழுத்தை இறுக்கி, மூச்சைச் சத்தமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். நிற்கும் விதம் மாறியதும் குரலும் திரும்பியது. இன்று உலகம் முழுக்க நடிப்புப் பள்ளிகளில் அவர் பெயரிலேயே அந்தப் பயிற்சி நடக்கிறது.

வீட்டில் நீங்கள் முதலில் செய்ய வேண்டியதும் அங்கிருந்து வந்ததுதான். ஒரு ஜமுக்காளத்தை விரியுங்கள், பவானி ஜமுக்காளம் வீட்டில் இருந்தால் ரொம்ப நல்லது, யோகா மேட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, பாதம் இரண்டையும் தரையில் பதித்து, தலைக்கடியில் ஒரு புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூட வேண்டாம், தூங்கிவிடுவீர்கள். ஒரு கையை அடிவயிற்றிலும் இன்னொன்றைக் கடைசி விலா எலும்பின் பக்கவாட்டிலும் வைத்து, மூச்சை நீங்களாக இழுக்காமல் அது தானாக வந்து போவதைப் பாருங்கள். நுரையீரலுக்கு அடியில் இருக்கும் உதரவிதானம் என்ற மூச்சுத் தசை கீழே இறங்கும்போது வயிறு எழும், விலா பக்கவாட்டில் விரியும், தோள் சும்மா கிடக்கும். பத்து நிமிடம் போதும். வயிற்றை வேண்டுமென்றே தள்ளிக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர், அது மூச்சு ஆகாது. அப்புறம் வெளிமூச்சில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே அளவாக விட்டுப் பாருங்கள். முதல் நாள் எத்தனை வினாடி வந்தது என்று போட்டி போட வேண்டாம், சத்தம் நடுங்காமல் சீராகப் போகிறதா என்பதைக் கவனித்தால் போதும்.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதும் நல்லது. அண்ணன்மார் கதை பாடும் உடுக்கைக்காரரை எங்காவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இடக்கையால் உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கும்போது தோல் விறைத்து நாதம் மேலே ஏறும், விட்டால் கீழே வரும். குரல் நாண்களும் இப்படித்தான், இழுபட்டால் சுருதி ஏறும், தளர்ந்தால் இறங்கும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். பேசும்போது ஆண்களுக்குச் சராசரியாக வினாடிக்கு 100 முதல் 130 தடவை அதிர்கின்றன, பெண்களுக்கு 200ஐ ஒட்டி. இவ்வளவு சின்னதை வைத்துக்கொண்டு காலையில் எழுந்ததும் கத்தக் கூடாது. முதலில் வாயை மூடி 'ம்ம்ம்', உதட்டில் அதிர்வு கூசும் வரை. பிறகு குழந்தைகள் வண்டி ஓட்டி விளையாடும்போது விடும் அந்த 'ப்ர்ர்ர்', கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. ஐந்து நிமிடம் இதைச் செய்துவிட்டுத்தான் சொற்கள்.

சோமனூர், பல்லடம், குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கத் தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய வீடுகளில் எல்லோருமே தொண்டையை இறுக்கித்தான் பேசுவார்கள், இல்லாவிட்டால் காதில் விழாது. நமக்குக் குரல் பெரிசு என்று அவர்கள் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பெரிசுதான், ஆனால் ஒன்றரை மணி நேர ஒத்திகைக்குத் தாங்காது. இவர்களுக்கு முதல் வேலை தாடையைத் தளர்த்துவது. காதுக்கு முன்னால், மெல்லும்போது அசையும் இடத்தை விரலால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, வாய் தானாகத் திறந்து தொங்கும்படி விட்டு 'ஆ' சொல்லிப் பாருங்கள். குரல் சின்னதாகிவிட்டது போலத் தோன்றும். பயப்பட வேண்டாம், நெஞ்சிலிருந்து அது திரும்ப வரும். பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பு. ழ, ள, ல மூன்றும் தனித்தனியாக வர வேண்டும், அதற்கு 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்' தினமும் சொல்லலாம், மெதுவாக ஆரம்பித்து. ஆனால் கொங்குப் பேச்சைத் துடைத்து எறிந்துவிட்டு வா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 'ஏனுங்க', 'என்ற ஊட்டுக்கு வாங்' என்பதில் இருக்கும் இழுப்பும் இசையும் ஒரு நடிகருக்குச் சொத்து. மேடைத் தமிழையும் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டுத் தமிழையும் கையில் வைத்திருங்கள், எந்தப் பாத்திரத்துக்கு எது என்று அப்புறம் முடிவு செய்யலாம். திருத்த வேண்டியது வேறொன்று இருக்கிறது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. வந்தானா வரவில்லையா, மரியாதையா அதட்டலா, நேற்றா நாளையா எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான். மூச்சு தீர்ந்துபோய் நாம் விழுங்குவதும் அந்தச் சொல்லைத்தான். நம் பக்கத்து 'ங்க' பாதி நேரம் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் நில்லுங்கள், கடைசிச் சொல் வரும்போது மட்டும் இரண்டு கையாலும் சுவரைத் தள்ளுங்கள். ஒரு வாரத்தில் காது பழகிவிடும். சாயங்காலம் நெல்லோ சோளமோ காயாத களம் ஏதாவது கிடைத்தால், நண்பரை 30 அடி தள்ளி நிறுத்திவிட்டு, கத்தாமல் பேசி, கடைசிச் சொல் கேட்டதா என்று கேளுங்கள்.

உடல் வகுப்புக்குத் திருப்பூர் பனியன் துணியில் தைத்த தொளதொள டிராக் பேன்ட், முழங்கையை மறிக்காத சட்டை. வெறும் கால். கைக்கடிகாரம், கொலுசு, வளையல் கழற்றிவிட வேண்டும், நீள முடி என்றால் இறுகக் கட்ட வேண்டும். வகுப்புக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது. பழைய முட்டி அடி, இடுப்பு வலி, ஆஸ்துமா எதுவாக இருந்தாலும் முதல் நாளே ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். சிமென்ட் தரையில் குதிப்பதை மறுத்துவிடலாம், மண் தரையோ மரப் பலகையோ தேடுங்கள். தசை வலி இரண்டு நாளில் போய்விடும். மூட்டில் சுருக்கென்று குத்தினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

ஐரோப்பிய நடன ஆசிரியர் ருடால்ஃப் லாபான் (1879–1958) அசைவுகளை எட்டாகப் பிரித்தார்: அழுத்துவது, குத்துவது, பிழிவது, வீசுவது, மெல்லத் தட்டுவது, சுண்டுவது, வழுகி நகர்வது, மிதப்பது. எடை, நேரம், திசை இந்த மூன்றும் மாறுவதால் வரும் வித்தியாசங்கள் இவை. இரண்டாம் உலகப் போர் காலத்தில் இங்கிலாந்தின் தொழிற்சாலைகளில் வேலைக்காரர்கள் எப்படி அசைகிறார்கள் என்றும் உட்கார்ந்து பார்த்தவர் அவர். அப்படிப் பார்க்க நமக்கு ஊர் முழுக்க இடம் இருக்கிறது. அறுந்த நூலை எடுத்து முடிந்துவிட்டுத் தறியை ஓட்டுபவரின் விரல், மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குபவர் மூட்டை முதுகில் விழும் அந்தக் கணத்தில் மூச்சை எங்கே பிடிக்கிறார், கூட்டமான டவுன் பஸ்ஸில் கண்டக்டர் எந்தக் காலில் எடை வைக்கிறார். நோட்டில் எழுதி வாருங்கள். போலச் செய்து காட்டுவதற்காக இல்லை, எடை உடம்பில் எங்கே உட்காருகிறது என்று தெரிவதற்காக. பிறகு ஒரே வசனத்தை 'அழுத்தி' ஒரு தடவை, 'சுண்டி' ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், குரலும் கூடவே மாறும்.

வகுப்போடு சேர்த்து முடிந்தால் வள்ளிக் கும்மியோ ஒயிலாட்டமோ பழகுங்கள், இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். நம் ஊர்களில் சாயங்காலம் கோயில் மைதானத்தில் ஆசிரியர் வைத்துப் பழக்கி அரங்கேற்றம் செய்கிறார்கள். கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது நினைவிருக்கும். ஆசிரியர் ஒரு அடி பாட, குனிந்து, கைதட்டி, நிமிர்ந்து, திரும்பி, அதே மூச்சில் பாட்டையும் திருப்பிச் சொல்ல வேண்டும். குனியும்போது எப்போது மூச்சு விடுவது என்பதை நூறு பேர் நடுவில் நின்று கால் தானே கண்டுபிடிக்கும். எந்தப் பயிற்சி அறையிலும் இது இவ்வளவு சுலபமாக வராது.

தினமும் இருபது நிமிடம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தைவிட மேல். தண்ணீர் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. தொண்டையைக் கனைப்பதற்குப் பதில் ஒரு மிடறு விழுங்குங்கள். மாரியம்மன் நோம்பிக்குக் கத்திவிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டு வந்தால் கிசுகிசுத்துப் பேச வேண்டாம், அதுவும் நாண்களைச் சிரமப்படுத்தும், பேசாமல் இருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். மாணவர்களின் உடம்பைத் திருத்தத் தொடும் முன் ஆசிரியர் கேட்டுவிட்டுத் தொடுகிறாரா, வலிக்கிறது என்று சொன்னவரை உட்கார விடுகிறாரா, சூடேற்றாமல் நேராகக் கத்த வைக்கிறாரா. இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், வேறு இடம் பாருங்கள். முழுநேரமாகப் படிக்க நினைப்பவர்களுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, டெல்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. விண்ணப்பம் போடுவதற்கு முன் ஆறு மாதமாவது இந்த அடிப்படையைச் செய்துவிட்டுப் போங்கள்.