பூ உதிர்ந்துகொண்டே இருந்த தக்காளி காய்த்தது எப்படி

பால்கனியில் வைத்த ஆறு தக்காளிச் செடிகளும் இடுப்பளவு வளர்ந்து பூத்துக் குலுங்கின. ஆனால் ஒரு காய்கூட நிற்கவில்லை. காம்பின் நடுவில் இருக்கும் சின்னக் கணு மஞ்சளாகும், மறுநாள் பூ மண்ணில் கிடக்கும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போட்டேன். இலைதான் தழைத்தது.

அப்புறம் ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தேன். மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி மஞ்சள் கூம்பாக நின்றன. மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்முடி அதற்குள்ளேயே ஒளிந்திருந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பக்கத்துக் காட்டுத் தக்காளிகள் பலவற்றில் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தேனீ வந்தால்தான் வேலை நடக்கும். மனிதர்கள் பயிராக்கித் தேர்ந்தெடுத்து வந்ததில் சூல்முடி உள்ளே போய், பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கப் பழகிவிட்டது. ஆனாலும் அந்த மகரந்தம் உதிர ஓர் அதிர்வு வேண்டும். என் பால்கனியோ கண்ணாடி அடைத்தது. காற்றும் இல்லை, வண்டும் இல்லை.

சரி என்று, பழைய மின்சாரப் பல்துலக்கியின் பின்பக்கத்தைப் பூங்கொத்தின் காம்பில் இரண்டு மூன்று நொடி வைத்தேன். நேரம், காலை பத்து மணி வாக்கில். கீழே பிடித்த கறுப்புக் காகிதத்தில் மெல்லிய மஞ்சள் தூள் விழுந்தபோது அவ்வளவு சந்தோஷம்! தினமும் செய்தேன். ஒரு வாரத்தில் மிளகளவு பிஞ்சுகள்.

பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிய நாட்களில் மட்டும் இது பலிக்கவில்லை. அந்தச் சூட்டில் மகரந்தமே கெட்டுவிடுகிறது. அதற்கு நிழல்வலை கட்டி, கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்தேன்.