லெமூர்: வால் ஒன்று, தவறுகள் பல

குரங்குக்குத் தூரத்து உறவான லெமூர் என்றதும் கறுப்பு வெள்ளை வளையம் போட்ட வால்தான் கண்முன் வரும். அந்த வால் ஒரே ஓர் இனத்துக்குத்தான் உண்டு. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் மடகாஸ்கர் தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட லெமூர் இனங்கள் வாழ்கின்றன. 30 கிராம் தேறும் சுண்டெலி லெமூரும் லெமூர்தான், ஏழெட்டுக் கிலோ எடையுள்ள இந்திரியும் லெமூர்தான்.

எல்லாவற்றையும் மழைக்காட்டில் கொண்டுபோய் உட்கார வைப்பது அடுத்த தவறு. கிழக்கே அண்டசிபே பக்கம் இருக்கும் இந்திரிக்கு அது சரி. காலையில் அது எழுப்பும் குரல் ஓரிரு கிலோமீட்டருக்குக் கேட்கும். வளையவால் லெமூர் வாழ்வதோ வறண்ட தெற்கிலும் தென்மேற்கிலும். முள்காடு, பாறைச் சரிவு, ஆற்றோரப் புளியமரங்கள்தான் அதன் இடம். ஆமாம், நம் புளிதான். காயும் இலையும்கூட விடாது. தரையில் இறங்கி வாலைத் தூக்கிக்கொண்டு கூட்டமாக நடக்கும். காலையில் கையை விரித்து வயிற்றை வெயிலுக்குக் காட்டி உட்காருவதைப் பார்த்து 'தியானம் செய்கிறது' என்று படம் பகிர்கிறார்கள். இரவுக் குளிருக்கு உடம்பைச் சூடேற்றுகிறது, அவ்வளவே.

கூட்டத்துக்குத் தலைவன் யாரென்று தேடாதீர்கள். அங்கே பெண் வைத்ததுதான் சட்டம். நல்ல கிளையில் ஆண் உட்கார்ந்திருந்தால் பெண் வந்து ஓர் அறை விடும், அது எழுந்து போய்விடும். ஆண்களின் வீரமெல்லாம் தங்களுக்குள்தான். மணிக்கட்டுச் சுரப்பியில் வாலைத் தேய்த்து நாற்றமேற்றி, எதிராளியின் முகத்துக்கு நேரே ஆட்டும். நாற்றம் தாங்காதவன் தோற்றான்!

கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் லெமூரியாக் கண்டத்தை இதில் இழுக்காமல் நம்மவர்களால் இருக்க முடியாது. 1864இல் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர் அந்தக் கண்டத்தை ஊகித்தது, லெமூர் வகை விலங்குகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் தென்படுவதை விளக்கத்தான். கண்ட நகர்வு நிறுவப்பட்டதும் அந்த ஊகத்துக்கு வேலையில்லாமல் போனது. லெமூரின் மூதாதையர் ஆப்பிரிக்காவிலிருந்து மிதக்கும் மரங்களைப் பற்றிக்கொண்டு கடல் கடந்து வந்திருக்கலாம் என்பதே இன்று பரவலான கருத்து. நம்மூர்த் தேவாங்கு உறவுக்கார விலங்கு, ஆனால் லெமூர் அல்ல.

நேரில் பார்க்கப் போகிறவர்கள் மாதத்தைக் கவனிக்க வேண்டும். மேற்கே கிரிண்டி காட்டில் கொழுப்புவால் குள்ள லெமூர் வறண்ட மாதங்களில், சுமார் ஏழு மாதம், வாலில் சேர்த்த கொழுப்பை நம்பி மரப்பொந்தில் தூங்கும். ஜூலையில் டார்ச் அடித்துத் தேடினால் சுண்டெலி லெமூர் கிடைக்கலாம், இது கிடைக்காது. நவம்பருக்கு மேல் போங்கள். அப்புறம், கயிற்றில் கட்டிய லெமூரைத் தோளில் ஏற்றிப் படம் எடுக்கச் சொன்னால் காசு கொடுக்காதீர்கள். லெமூரை வீட்டில் வளர்ப்பது அந்த நாட்டில் சட்டவிரோதம்.